போகும் இடத்தை மறையுங்கள், கிளம்பும் நாளை மறைக்காதீர்கள்

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி 9 வருஷம் ஆகிறது. மகனுக்கு 6 வயது, மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. மகள் பிறந்த பிறகு நானும் மனைவியும் தனியாக ஒரு மணி நேரம்கூட வெளியே போனதில்லை. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு அவளுக்கே தெரியாமல் அவளை வெளியூர் அழைத்துப்போக அறை பதிவு செய்துவிட்டேன். பிள்ளைகளை என் அம்மா பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அலுவலக வாசலில் வண்டியோடு நின்று, அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம். பிள்ளைகளிடம் சொன்னால் அழுவார்கள், சொல்லாமல் போவதே நல்லது என்கிறார் அம்மா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, அவசியம் போய்வாருங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைத் திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் 22 வருஷம் செவிலியாக வேலை பார்த்தவள் நான். எங்கள் மூத்தவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு 2 வயது இருக்கும்போது, ஒருநாள் டியூட்டி முடிந்து வெளியே வருகிறேன், என் கணவர் பெட்டியோடு நிற்கிறார். பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டாயிற்று, நாம் இரண்டு நாள் வெளியூர் போகிறோம் என்றார். சந்தோஷமாகத்தான் வண்டியில் ஏறினேன். பாதி வழியில் நினைவுக்கு வந்தது: மூத்தவனுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரை அவர் மறக்காமல் கொடுத்திருக்கிறார். ஆனால் அதோடு சேர்த்துப் பிடிக்கும் ஸ்பேசர் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வயதுப் பிள்ளைக்கு மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. அன்று ராத்திரி 11 மணி வரை அந்த அறையில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக நாத்தனார் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குப் போய் அதை எடுத்துவந்தார். பிள்ளை அந்த இரண்டு நாளும் ஒரு தடவைகூட இருமவில்லை. நான்தான் தூங்கவில்லை.

அவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசையாகச் செய்தார். வீட்டில் இருக்கும் பெண்ணின் தலைக்குள் ஓயாமல் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும், எந்தச் சட்டை அளவு சின்னதாகிவிட்டது, தடுப்பூசி எப்போது, எந்த மருந்து தீரப்போகிறது. அந்தக் கணக்கை முடிக்காமல் அவளை வண்டியில் ஏற்றினால் உடம்பு மட்டும்தான் உங்களோடு வரும்.

அதனால் நாளை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே, "இந்தச் சனி, ஞாயிறு நாம ரெண்டு பேரும் வெளியூர் போறோம். எங்கேன்னு கேக்காதே" என்று சொல்லுங்கள். அலுவலக வேலையை அவள் அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்வாள். அவளுக்கு மாதவிலக்கு வரும் நாளாக இருந்தால் அவளே தேதியை மாற்றச் சொல்வாள். துணிமணியைத் தன் இஷ்டப்படி எடுத்துவைப்பாள். குளிருமா, நிறைய நடக்க வேண்டியிருக்குமா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். போகும் இடம், அங்கே நீங்கள் என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். அந்தப் பதினைந்து நாள் எதிர்பார்ப்பும் அவளுக்கு நீங்கள் கொடுக்கும் பரிசுதான்.

மகனிடம் மட்டும் "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்று சொல்லாதீர்கள். 6 வயதுப் பிள்ளையால் அதைச் சுமக்க முடியாது. சொல்லிவிட்டால் அப்பாவை ஏமாற்றிய குற்ற உணர்ச்சி, சொல்லாவிட்டால் அம்மாவிடம் மறைத்த பயம்.

அடுத்து, சொல்லாமல் நழுவுவது. தம்பி, இதில் உங்கள் அம்மாவின் பேச்சைக் கேட்காதீர்கள். அழுகையைப் பார்க்க முடியாமல்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். வார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளை கண்ணசரும் நேரம் பார்த்து அம்மா வீட்டுக்குப் போய்வருவார். விழித்ததும் அது அழும் அழுகை ஒரு பக்கம். அதைவிட, அடுத்த இரண்டு நாளும் அது கண்ணை மூடவே பயப்படும். தூங்கினால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று அதற்குப் புரிந்துவிட்டது. பிரிவுப் பயம் பொதுவாக 8 மாத வாக்கில் தொடங்கி, ஒன்றரை வயது வரைக்கும் வலுவாக இருக்கும். உங்கள் மகள் அதைத் தாண்டி வந்துகொண்டிருக்கும் நேரம் இது. இப்போது போய் ஏமாற்றினால் அந்தப் பயம் திரும்பி வரும்.

அவளிடம் ஒரு வாரம் முன்னால் சொன்னாலும் ஒன்றும் புரியாது. கிளம்பும் அன்று காலையில் சொல்லுங்கள். "அம்மாவும் அப்பாவும் போயிட்டு வரோம். பாட்டி உன்கூட இருப்பாங்க. போயிட்டுத் திரும்பி வருவோம்." அவ்வளவு போதும். கட்டிப்பிடியுங்கள், டாட்டா காட்டுங்கள், கிளம்புங்கள். அழுவாள், அழட்டும். கேட்டைத் தாண்டிவிட்டுத் திரும்ப வந்து எட்டிப் பார்க்காதீர்கள், அது இருவருக்குமே வதை. மகனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சொல்லலாம். அந்த வயதில் 'ஞாயிற்றுக்கிழமை வருவோம்' என்பதைவிட 'ரெண்டு ராத்திரி தூங்கி எழுந்தா வந்துடுவோம்' என்பது நன்றாகப் புரியும். தாளில் இரண்டு நிலா வரைந்து கொடுங்கள். எழுந்ததும் ஒன்றை அடிக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து தங்கட்டும், பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடாதீர்கள். அம்மாவும் இல்லை, இடமும் புதிது, படுக்கையும் புதிது என்றால் சின்னவளுக்குத் தாங்காது. முடிந்தால் இடையில் ஒரு ராத்திரி, நீங்கள் இருவரும் வீட்டில் இருக்கும்போதே பாட்டி தூங்கவைத்துப் பார்க்கட்டும். எங்கே சிக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான வேலை உங்களுடையது. ஒரு தாள் எடுத்து, மனைவியைக் கேட்காமல், பிள்ளைகளின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுவார்கள், எது ஒத்துக்கொள்ளாது, எந்த மருந்து, மருத்துவர் எண், அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் எண், இரண்டு பேரின் எடை. எடை எதற்கு என்றால், காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் அளவு வயதைவிட எடையைத்தான் பொறுத்தது. அந்த சிரப்பும் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று இன்னொன்று வருகிறது. வீட்டில் இருப்பது எது, உங்கள் மருத்துவர் சொன்னபடி எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி என்று பாட்டில் மேலேயே ஒட்டிவையுங்கள். பாட்டி ராத்திரி 2 மணிக்குக் கண்ணாடியைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும், பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தடவை போனோம். இந்த முறை என் கணவர் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "சரியா இருக்கான்னு பாரு" என்றார். முன்பக்கம் முழுக்க மூத்தவனின் மருந்து விவரம், ஸ்பேசரைக் கழுவும் விதம் உட்பட. பின்பக்கத்தில் கடைசி வரி: 'சின்னவளுக்கு நீலப் போர்வையின் கிழிந்த மூலை கன்னத்தில் படணும். வேற மூலை கொடுத்தா தூங்க மாட்டா.' அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே அழுதேன். அந்தப் பயணத்தில் எங்கே போனோம் என்பதைவிட அந்த வரிதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. (உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு போர்வையோ பொம்மையோ இருந்தால், போகும் முன் துவைத்துவிடாதீர்கள். அதன் வாசனைதான் அவளுக்குத் துணை. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-லேயே இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்.)

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மணி நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய இடமாகப் பாருங்கள். முதல் நாள் எந்த ஏற்பாடும் வேண்டாம், அவள் தூங்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 7 மாதம். தாய்ப்பால்தான். ஓர் இரவு வெளியே தங்கலாம் என்று கணவர் ஆசையாக ஏற்பாடு செய்திருக்கிறார். போக மனமில்லை. சொன்னால் வருத்தப்படுவாரோ?
– ஒரு புதுத் தாய்

பதில்: மனமில்லை என்றால் போக வேண்டாம் அம்மா. "உங்க ஆசை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இப்ப முடியாது, இன்னும் கொஞ்ச மாசம் போகட்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். அதுவரைக்கும் இரண்டு பால் வேளைக்கு நடுவில் வெளியே போய்விட்டு வரலாம்.

மனம் மாறிப் போவதாக இருந்தால், பிழிந்து எடுத்த பால் வெளியே 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கச் சொல்லாதீர்கள், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்தாலே போதும். புட்டியிலோ கிண்ணத்திலோ குடிக்க முன்னாலேயே பழக்குங்கள். நீங்களும் போன இடத்தில் வழக்கமான வேளைக்குப் பால் எடுக்க வேண்டும். விட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: மூன்று பிள்ளைகளையும் தங்கையிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் போய்வந்தோம். பேச ஒன்றுமே இல்லை அக்கா. பேசியதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டதா?
– 12 வருஷ மனைவி

பதில்: தீரவில்லை. களைத்திருக்கிறீர்கள். வருஷக்கணக்கில் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவர்களுக்கு அமைதி முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். பிள்ளைகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம் போடாதீர்கள், அவர்கள் உங்கள் இருவருக்கும் பிடித்த விஷயம்.

ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சைத் தேடாமல், இருவருக்குமே தெரியாத ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். ஆர்தர் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, கையால் தொடாமல் இருவருக்கும் நடுவே ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு பாயில் தவழ்ந்து போகச் சொன்னார்கள். வேறு சிலருக்குப் பந்தை மெதுவாக உருட்டும் சாதாரண வேலை. 7 நிமிஷம்தான். விழுந்து எழுந்து தவழ்ந்த தம்பதிகளுக்குத்தான் அதன் பிறகு தங்கள் உறவு மேலும் நன்றாக இருப்பதாகத் தோன்றியது. நீங்கள் துடுப்புப் போடலாம், மண்பானை வனையக் கற்றுக்கொள்ளலாம், வழி தெரியாத தெருவில் நடக்கலாம். இருவருமே தடுமாறுகிற விஷயமாக இருக்கட்டும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாததாக இருந்தால் அது வகுப்பாகிவிடும்.

அந்த மௌனத்தில் உங்களுக்குப் பயமோ அவமானமோ இருந்தால் மட்டும், பயணத்தை விட்டுவிட்டு நல்ல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். எனக்குத் தனியாகவும் எழுதலாம்.

கேள்வி: இரண்டு நாள் கழித்து ஆசையாக வீட்டுக்கு வந்தால், ஒன்றரை வயது மகன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியிடம் ஓடிவிட்டான். நெஞ்சே வெடித்துவிட்டது. மறந்துவிட்டானா?
– மனம் நொந்த அம்மா

பதில்: மறக்கவில்லை, கோபம். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வில், அம்மா அறையை விட்டுப் போவது ஒரு தடவைக்கு 3 நிமிஷம்தான். அவர் அதிகம் கவனித்தது அம்மா திரும்பி உள்ளே வரும் நேரத்தை. சில பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன, சில முகத்தைத் திருப்பிக்கொண்டன, சில தூக்கச் சொல்லி அழுதுவிட்டு, தூக்கியதும் உதைத்தன.

அடுத்த தடவை வரும்போது பையை வாசலிலேயே வைத்துவிடுங்கள். பொம்மையை எடுத்து நீட்டாதீர்கள், பாட்டியின் கையிலிருந்து பிடுங்கித் தூக்காதீர்கள். அவன் இருக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து, "அம்மா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டியிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். சிறிது நேரத்தில் ஏதாவது ஒரு சாமானைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போடுவான். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்ததையும் கொண்டுவருவான்.