பிரிபடாத நாற்சார் வீட்டின் தூண்களை ஒருவர் மட்டும் விற்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அம்மாவின் சீதன வீடு, நடுவில் முற்றமும் நாற்புறமும் அறைகளும் உள்ள பழைய நாற்சார். பெற்றோர் காலமானபின் பிள்ளைகள் நால்வருக்கும் பங்கு, பிரிக்கவில்லை. 15 வருடமாக அங்கே இருக்கும் தம்பி, வீடு தனக்கே என்கிறார். முற்றத்துத் தூண் இரண்டையும் தலைவாசற் கதவையும் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டார். நான் கனடாவில். தொல்பொருள் திணைக்களம் தடுக்குமா?

பதில்: அதை நம்பி இருக்காதீர்கள். வீடு பழையது என்பதால் மட்டும் பாதுகாப்புக் கிடைக்காது; 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வர்த்தமானியில் பிரகடனம் வரவேண்டும். அதற்குள் மீதித் தூண்களும் போய்விடும்.

உங்கள் பலம் கூட்டுரிமை. நாட்டிய தூணும் பொருத்திய கதவும் வீட்டின் பகுதி. மற்றவர்களின் சம்மதமின்றி ஒரு பங்காளி அவற்றைக் கழற்ற முடியாது. பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தமாகும் என்ற விதியும் தம்பிக்கு உதவாது. பங்காளி குடியிருப்பது எல்லோருக்காகவும்தான். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அதன்பின் பத்து வருடம் கழிந்ததை அவரே நிரூபிக்கவேண்டும். ஆகவே அவருடைய மறுப்புக்கு இன்றே எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

அடுத்தது மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. பணத்தால் ஈடுசெய்ய முடியாத சேதம் என்று காட்டவேண்டும். தூண் போனால் தாழ்வாரம் இறங்கும், ஓடு விலகும், மழை இறங்கிக் கூரையின் பனைச் சலாகை உக்கும். இதை ஓர் ஓவசியரிடம் (கட்டட வேலை மேற்பார்வையாளர்) எழுதி வாங்கிச் சத்தியக்கடதாசியுடன் இணையுங்கள். காணி உறுதி, காணிப் பதிவகப் பிரதி, மரணச் சான்றிதழ்கள், எஞ்சிய ஒவ்வொரு தூணினதும் திகதியிட்ட படம் ஆகியவையும் வேண்டும். பொலிஸ் இதைச் சிவில் விடயம் என்று திருப்பி அனுப்பலாம். ஆனாலும் முறைப்பாட்டைப் பதியவையுங்கள், சாட்சியமாகும். நீங்கள் கனடாவில் இருப்பதால், உங்களுக்காகச் செயற்பட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு இங்கே பதியவேண்டும். வியாபாரிக்கும் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். தம்பியின் பங்குக்கு மேல் அவர் எதையும் வாங்கவில்லை.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காணியைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கேட்கும் பிரிவினை வழக்கு, தடைக்குப் பிறகுதான். வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால், முடியும்வரை எவரும் தன் பங்கை விற்க முடியாது. காணியை அளக்கும் அளவையாளர் முற்றத்தின் நடுவே எல்லைக்கோடு போடுவதுதான் இதில் ஆபத்து. வீடு முழுவதையும் ஒரே துண்டாக ஒருவருக்கு விட்டு, மற்றவர்களுக்குக் காணியாகவோ ஈட்டுப் பணமாகவோ கொடுக்கும்படி அளவையாளர் வரும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்.

தம்பி வழக்குக்கு முன்பே பங்கை வெளியாருக்கு விற்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, வெளியாருக்கு முன் அதை வாங்கும் உரிமை பங்காளிகளான உங்களுக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு உண்டு. காணிப் பதிவகத்தில் இக்காணிக்குரிய பக்கத்தை அடிக்கடி பார்க்க ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள்.