சோலார் வேலையை நம்பி மகனைச் சேர்க்கலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த மகன் சோலார்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதையும், மூன்று மாதப் பயிற்சிக்கு 45,000 ரூபாய் கேட்கும் ஒரு தனியார் பயிற்சி மையம் வெளிநாட்டு வேலைக்கு உத்தரவாதம் தருவதையும், இந்தத் தொழில் நாலு வருடத்தில் படுத்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

தொழில் நிலைக்குமா என்ற கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேனலுக்குள் இருந்து வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-இல் உலகுக்குக் காட்டியது. அன்று தொடங்கி, உலகெங்கும் நிறுவப்பட்ட பேனல்களின் மொத்தத் திறன் 1,000 கிகாவாட்டைத் (ஒரு கிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட்) தொட 2022 வரை, ஏறத்தாழ 68 ஆண்டுகள் ஆயின. அடுத்த 1,000 கிகாவாட்டோ 2024 முடிவதற்குள் சேர்ந்துவிட்டது. விலை வீழ்ச்சிதான் இதற்கு முதற்காரணம். 2010-ஐ அடுத்த பத்தாண்டில் பேனல் விலை ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கியது. சீனா 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 277 கிகாவாட் நிறுவியது, இந்தியாவின் மொத்த சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைக் கடந்தது. பாகிஸ்தானில் மின்கட்டண உயர்வைத் தாங்க முடியாத மக்களும் ஆலைகளும் தாமாகவே பேனலுக்கு மாறியதில், அந்நாடு 2024-இல் சுமார் 17 கிகாவாட் பேனல்களை இறக்குமதி செய்தது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2023-இல் உலக அளவில் சுமார் 71 லட்சம் பேர் சூரிய மின்துறையில் வேலை பார்த்தார்கள். எனவே, தொழில் படுத்துவிடும் என்ற பேச்சை நீங்கள் ஒதுக்கிவைக்கலாம்.

ஆனால் ஒரு தொழில் வளர்வது வேறு, அதில் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பது வேறு. ஸ்பெயின் நாட்டில் சூரிய மின்சாரத்துக்குத் தந்த தாராளமான விலைச்சலுகையால் 2008-இல் மளமளவென்று நிலையங்கள் எழுந்தன; சலுகை பெறும் அளவுக்கு அரசு உச்சவரம்பு வைத்ததும் அடுத்த ஆண்டே புதிய பணிகள் ஏறக்குறைய நின்றுபோயின. கலிபோர்னியாவில் வீட்டுக்கூரை மின்சாரத்துக்குத் தரும் விலையை 2023 ஏப்ரலில் குறைத்தபோது நிறுவும் பணியில் இருந்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சீனாவில் சூரிய மின்சாரத்தின் விலை விதி மாறுவதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று 2025 மே மாதத்தில் சுமார் 93 கிகாவாட் நிறுவினார்கள், ஜூன் மாதத்தில் அது 14 கிகாவாட்டாகச் சுருங்கியது. நம் நாட்டிலும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் பேனல் போட முன்வருகின்றன. இப்படி ஒரு விதி மாறும்போது, பேனலைத் தாங்கும் சட்டகத்தை முடுக்கி, அதன்மேல் பேனலை ஏற்றி வைக்க மட்டுமே தெரிந்தவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். மின்சாரம் தெரிந்தவர் மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், ஆலை வயரிங் என்று வேறு பக்கம் போய்விடுவார். ஆகவே உங்கள் மகன் சோலாருக்குப் போகட்டும், ஆனால் மின்பணியை முறையாகப் படித்துவிட்டுப் போகட்டும்.

இதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன், அது எனக்கு வேலையைவிட முக்கியமானது. வீட்டு வயரிங்கில் மெயினை அணைத்துவிட்டுக் கை வைக்கலாம். பேனலுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது, வெயில் படுகிற வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பேனல்களை வரிசையாக இணைத்தால், பெரிய நிலையங்களில் அது 1,000 வோல்ட், 1,500 வோல்ட் வரை போகும். அதுவும் நேர்மின்சாரம் (டி.சி.). வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தில் (ஏ.சி.) மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு, நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளியே இல்லை. நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனல் கம்பிகளை இணைக்கும் கனெக்டரைப் பிடுங்கினால் அந்த இடத்தில் மின்பொறி நீண்டு எரியும். கம்பியை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் சாதாரணக் குறடால் நசுக்கிவிட்டுப் போனாலும், ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறொரு கம்பெனியின் பெண் முனையில் செருகினாலும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்து அந்த இணைப்பு சூடேறி உருகித் தீப்பிடிக்கலாம். இதையெல்லாம் கை பழகும் அளவுக்குச் செய்து பார்க்க அடிப்படை இல்லாத ஒரு மாணவனுக்கு மூன்று மாதம் போதாது.

இனி எங்கே சேர்ப்பது என்று பார்ப்போம். பாடப்புத்தகம் பிடிக்காது, ஆனால் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுவது முதல் அக்கம்பக்கத்து மின்விசிறி வரை அவனே சரிசெய்வான் என்று நீங்கள் எழுதியிருப்பதால், அரசு ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவையே நான் முதலில் சொல்வேன். ஐடிஐகளில் சோலார் டெக்னீஷியன் என்ற ஓராண்டுப் பிரிவும் இருக்கிறது, அது தரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்வாரியத்தின் கள உதவியாளர் பணி போன்றவற்றுக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் சான்றிதழ்களையே கேட்கிறார்கள். எலக்ட்ரீஷியன் முடித்தவன் சோலாருக்குள் எளிதாக நுழையலாம், ஓராண்டுப் பிரிவை மட்டும் முடித்தவனுக்கு அத்தனை கதவுகள் திறப்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ மாணவர்களுக்கும் கிடைக்கும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். ஐடிஐ முடித்ததும் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி. அதன்பின் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் சூர்யமித்ரா போன்ற குறுகியகாலப் பயிற்சி. அந்தக் கட்டத்தில் மூன்று மாதப் படிப்பு உண்மையாகவே பலன் தரும். பின்னாளில் படிக்க மனம் வந்தால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்று பேனல் தொழிற்சாலைகள் நம் மாநிலத்திலேயே வந்துவிட்டன. அங்கே இருப்பது இயந்திரங்களோடு ஷிப்ட் முறையில் செய்யும் வேலை, உங்கள் மகன் ஆசைப்படுவது அதுவல்ல என்று நினைக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவற்றின் பராமரிப்புப் பணியை அவன் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டரை அதற்குள் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். புதிதாக நிறுவுவது குறைந்த ஆண்டிலும், ஏற்கெனவே நிறுவியதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அந்தத் தனியார் பயிற்சி மையம் தரும் வெளிநாட்டு வேலை உத்தரவாதத்தை நம்பவே நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்கூரையில் பேனல் இருக்கிறது. ஆனால் அங்கே மின்பணி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் அதைப் பொருத்த முடியும். வளைகுடா நாடுகளில் துபாய், அபுதாபி பாலைவன நிலையங்களில் வேலை இருப்பது உண்மையே. அதற்கும், இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த முகவர் வழியாக மட்டுமே போக வேண்டும். அந்த மையத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யார் வேலை தருகிறார்கள், அந்த முகவரின் பதிவு எண் என்ன என்பதை எழுத்தில் தர முடியுமா? தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு முன் உங்கள் ஊர்ப்பக்கம் பேனல் போடும் இடம் ஒன்றுக்கு அவனை அனுப்பி, காலை முதல் மாலை வரை பார்த்து வரச் சொல்லுங்கள். முப்பது கிலோ அளவுள்ள பேனலை மாடிக்கு ஏற்றி, வெயிலில் கொதிக்கும் தளத்தில் குனிந்தபடியே பூட்ட வேண்டிய வேலை அது. உயரத்தில் நிற்கும்போது பாதுகாப்புப் பட்டையைத் தோள், இடுப்பு, தொடை என உடல் முழுவதும் மாட்டி, அதன் கொக்கியை உறுதியான பிடிமானத்தில் கோத்திருக்கிறார்களா என்று அவன் கவனித்து வரட்டும். பார்த்துவிட்டு வந்தும் ஆசை குறையவில்லை என்றால், ஐடிஐ கலந்தாய்வில் எலக்ட்ரீஷியன், வயர்மேன், சோலார் டெக்னீஷியன் என்ற வரிசையில் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள். உயரம் அவனுக்கு ஒத்துவராது என்று தெரிந்தாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தரையிலேயே செய்கிற மின்பணிகளுக்கும் முதல் இரண்டு சான்றிதழ்கள் செல்லும்.