800, 1040 நானோமீட்டர் லேசர்கள் இரண்டின் துடிப்புகளையும் ஒரே நேரத்தில் விழவைப்பது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் 800 நானோமீட்டர் டைட்டானியம்-சபையர் லேசர் ஒன்றும் 1040 நானோமீட்டர் இட்டர்பியம் ஃபைபர் லேசர் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் நொடிக்கு 8 கோடி துடிப்பு. அந்தத் துடிப்புகள் ஆய்வு மாதிரியில் ஒன்றாக வந்து சேர வேண்டும்.

இரண்டு லேசர் கட்டாயம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரே லேசரைப் பிரித்து, ஒரு பங்கை ஓபிஓ (படிகத்தால் லேசரின் நிறத்தை மாற்றும் கருவி) வழியாக வேறு நிறத்துக்கு மாற்றினால் ஒத்திசைவு தானாகவே வந்துவிடும். ராமன் நுண்ணோக்கியில் கொழுப்பைப் பார்க்கப் பயன்படும் 817, 1064 நானோமீட்டர் ஜோடியைப் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறார்கள். உங்களுக்கும் இது போதுமென்றால் கீழே உள்ள பாடு எதுவும் பட வேண்டாம்.

சரி, இரண்டு லேசர்தான் என்றால் எல்லாமே கேவிட்டியின், அதாவது லேசருக்குள் ஒளி சுற்றிவரும் பாதையின், நீளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு வெளியே வரும். 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 12.5 நானோ நொடி. நேர்க்கோட்டுக் கேவிட்டியில் முனைக்கு முனை சுமார் 1.87 மீட்டர். அதில் முனைக் கண்ணாடி 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே துடிப்பு வீதம் 43 ஹெர்ட்ஸ் மாறிவிடும். அதாவது நொடிக்கு 43 தடவை ஒரு லேசர் மற்றதை முழுச் சுற்று முந்தும்.

ஆஸிலோஸ்கோப்பை (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒரு லேசரின் துடிப்போடு சேர்ந்து தொடங்கும்படி ட்ரிகர் செய்துவிட்டு, மற்றதன் சிக்னலைத் திரையில் பாருங்கள். முதலில் வெறும் கலங்கல்தான் தெரியும். கண்ணாடியை மெல்ல நகர்த்தினால் கலங்கல் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்து ஓடும், ஓட்டம் தளரும், ஓரிடத்தில் நிற்கும். அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கும். நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் துளி நகரும் பொருள்) மேல் ஒட்டிய கண்ணாடியால் லாக் செய்யுங்கள், அதாவது இரண்டு வீதமும் விலகாமல் பிடித்து வையுங்கள்.

லாக்குக்கு ஒளியை மின் சிக்னலாக்கும் இரண்டு ஃபோட்டோடயோடு, இரண்டு சிக்னலையும் ஒப்பிடும் ஒரு மிக்ஸர், வரும் பிழையைப் பார்த்து பீசோவைத் திருத்தும் ஒரு சர்வோ போதும். ஆனால் 80 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடாதீர்கள். அங்கே 1 மில்லிரேடியன் கட்டப் பிழை (இரண்டு சிக்னல் அலைகளின் ஏற்ற இறக்கம் விலகும் அளவு) 2 பிக்கோ நொடிக்குச் சமம்; பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே பிழை 100ஆவது ஹார்மோனிக்கில், அதாவது துடிப்பு வீதத்தின் 100 மடங்கான 8 கிகாஹெர்ட்ஸில், 20 ஃபெம்டோ நொடிதான் (ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிக்கோ). நேராக ஹார்மோனிக்கில் தொடங்கினால் ஒரு சுற்றுக்குள் 100 இடங்களில் லாக் ஆகக்கூடும்; அதனால் முதலில் 80-இல் பிடித்து, அப்புறம் மாற்றுங்கள். 2001-இல் அமெரிக்காவின் ஜைலா ஆய்வகம் இரண்டு டைட்டானியம்-சபையர் லேசர்களை 14 கிகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்கில் லாக் செய்து நேரப் பிழையை 10 ஃபெம்டோ நொடிக்கும் கீழே கொண்டுவந்தது.

லாக் பிடிப்பதைவிட அது நிற்பதுதான் பெரிய விஷயம். அலுமினியத் தட்டின் மேல் கட்டிய 1.87 மீட்டர் கேவிட்டி, ஒரு டிகிரி ஏறினால் 43 மைக்ரோமீட்டர் நீளும். வேகமான பீசோ நகர்வது சில மைக்ரோமீட்டர்தான். அறையின் ஏசி ஓடி நிற்கும்போது வரும் சின்ன மாற்றமே பீசோவை விளிம்புக்குத் தள்ளிவிடும். மூடி போடுங்கள், தட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங்கள், பீசோவுக்குப் பின்னால் மெதுவாக நகரும் மோட்டார் ஒன்றையும் வையுங்கள். விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸ் வாங்கும் முன் இந்த மூன்றுக்கும் காசு ஒதுக்குங்கள் என்பேன்.

லாக் ஆகிவிட்டது என்பதால் துடிப்புகள் ஒன்றாக விழுகின்றன என்று ஆகாது. ஒரே ஃபோட்டோடயோடு, ஒரே கேபிள் வைத்து இரண்டையும் ஆஸிலோஸ்கோப்பில் சில பத்து பிக்கோ நொடிக்குள் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு கற்றைகளையும் சிறு கோணத்தில் பிபிஓ படிகத்தில் (இரண்டு நிறங்களைச் சேர்த்து மூன்றாவது நிறம் தருவது) குவித்து, ஒரு கற்றையின் தாமதப் பாதையை மெதுவாக நகர்த்துங்கள். 1 பிக்கோ நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் பாதை. படிகம் சரியான கோணத்தில் இருந்து துடிப்புகளும் சந்தித்தால், இரண்டு கற்றைகளுக்கும் நடுவே 452 நானோமீட்டரில் ஒரு நீலப் புள்ளி தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு!

அந்த நீல ஒளியையே லாக்குக்கும் பயன்படுத்தலாம். இரண்டு படிகங்களில் தாமதத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்து, வரும் இரண்டு சிக்னல்களையும் கழித்தால், லேசரின் பவர் ஏற்ற இறக்கம் அடிபட்டு நேரப் பிழை மட்டும் மிஞ்சும். இந்த முறையில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 2003-இல் டைட்டானியம்-சபையர், குரோமியம்-ஃபோர்ஸ்டரைட் லேசர்களை 300 அட்டோ நொடி நேரப் பிழைக்குப் பிடித்தது (ஆயிரம் அட்டோ ஒரு ஃபெம்டோ).

உங்கள் துடிப்பு 1 பிக்கோ நொடி நீளமென்றால் எலக்ட்ரானிக் லாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 100 ஃபெம்டோ நொடி நேர ஆட்டம் அதற்குப் பெரிதல்ல. 50 ஃபெம்டோ நொடித் துடிப்பு என்றால் நீல ஒளி லாக்குக்குப் போங்கள்.