ஹெராக்ளியஸும் பாரசீகப் போரும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: கிழக்கு ரோமானியர்கள் உதவியால் அரியணையைத் திரும்பப் பெற்ற பாரசீக அரசர் குஸ்ரோ, அவர்கள் மீதே படையெடுத்தது ஏன்?

உதவியது மாரிஸ் என்ற பேரரசர், 591ல். அவரை 602ல் சொந்தப் படையே கவிழ்த்துவிட்டது. பனிக்காலத்தை டான்யூப் நதிக்கு அப்பால் எதிரி நிலத்திலேயே கழிக்கச் சொன்னதில் வீரர்கள் கொதித்துப்போய், போகாஸ் என்ற படை அதிகாரியைப் பேரரசர் ஆக்கினார்கள். மாரிஸின் மகன்களை அவர் கண்ணெதிரே கொன்று, பிறகு அவரையும் கொன்றார்கள். பழிவாங்க வருகிறேன் என்று குஸ்ரோ கிளம்பினார். நல்ல சாக்கு, ஆனால் நிலமும்தான் வேண்டியிருந்தது.

கேள்வி: போகாஸைக் கவிழ்த்து 610ல் ரோமானியப் பேரரசரான ஹெராக்ளியஸ் 622 வரை சும்மா இருந்தாரா?

இல்லவே இல்லை, இப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். 613ல் அந்தியோக்கியா அருகே தானே படை நடத்தித் தோற்றார். டமாஸ்கஸ் போனது, 614ல் ஜெருசலேம் விழுந்து இயேசு அறையப்பட்டதாக நம்பப்பட்ட புனிதச் சிலுவையைப் பாரசீகர்கள் தூக்கிப் போனார்கள், அப்புறம் எகிப்தும் போனது. எகிப்து என்றால் கோதுமை, அது நின்றதும் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த இலவச ரொட்டியும் நின்றது. சம்பளத்தைப் பாதியாக்கி, 615ல் புது வெள்ளிக் காசு அடித்தார். அதில் 'கடவுளே, ரோமானியர்களுக்கு உதவு' என்று பொறித்திருக்கும். ஒரு அரசாங்கம் காசிலேயே பிரார்த்தனை எழுதுகிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தேவாலயங்களின் தங்கம் வெள்ளியைக் கடனாக வாங்கி உருக்கித்தான் 622ல் படை கிளம்பியது.

கேள்வி: 626 முற்றுகையில் கான்ஸ்டான்டிநோபிள் எப்படித் தப்பியது?

மதில் பாதி, கப்பற்படை பாதி. மேற்கே அவார்கள் என்ற நாடோடி இனத்தார், எதிர்க்கரையில் பாரசீகர்கள். நடுவே பாஸ்பரஸ் நீரிணையில் ரோமானியக் கப்பல்கள் நின்றதால் இரண்டு படையும் சேரவே முடியவில்லை. ஹெராக்ளியஸ் அப்போது ஊரிலேயே இல்லை.

கேள்வி: 627ல் நினிவேயில் பாரசீகர்களை ஜெயித்த ஹெராக்ளியஸின் படை 636ல் சிரியாவின் யார்முக்கில் அரபுப் படையிடம் தோற்றது எப்படி?

628ல் குஸ்ரோவை அவர் மகனே கவிழ்த்ததும் போர் முடிந்தது, சரி. ஆனால் கஜானா காலி, படை களைத்துப்போயிருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. பாரசீகர் கைக்குப் போன 613ல் டமாஸ்கஸில் பிறந்த ஒரு பிள்ளை, ரோமானிய அதிகாரியை முதன்முதலாகப் பார்க்கும்போது பதினைந்து வயதைத் தொட்டிருக்கும். மீட்ட நாட்டில் ஆட்சி வேர்விட ஹெராக்ளியஸுக்குக் கிடைத்தது ஏழெட்டு வருடம்தான்.