பாவத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடலாமா?

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், திருவிருந்து எடுக்கிறவர் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் முடக்கியது சரி என்கிறீர்கள். நாத்திகர்கள் நடத்தும் மனித உரிமைக் கூட்டங்களில் போய்ப் பேசுகிறீர்கள். வேதம் பாவம் என்பதை உரிமை என்று சொல்ல ஒரு விசுவாசிக்கு எப்படி மனம் வருகிறது? இரண்டு தோணியில் கால் வைக்கிறீர்களே! உங்கள் சேகரத்து ஐயரிடமே, அதாவது உங்கள் சபைப் போதகரிடமே, இதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.
– ஒரு சந்தாதாரர், நாசரேத்

பதில்: தோணி ஒன்றுதான், சகோதரரே. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கட்டளைகளில் எத்தனை நம் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன? கொலை இருக்கிறது, களவு இருக்கிறது, பொய்ச்சாட்சி இருக்கிறது. ஓய்வுநாளில் கடை திறந்தவரை யாரும் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவதில்லை. பிறன் வீட்டை இச்சித்தால் தண்டனை என்று வைத்தால், நம் பக்கத்து ஊர்களில் எழும்பும் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் எதிரே ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்ட வேண்டிவரும். முதல் கட்டளையைச் சட்டமாக்கினால் உங்கள் தெருவில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டீர்கள். அவர்கள் யாரைக் கும்பிடுவது என்பதில் போலீசுக்கு வேலை இல்லை என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தெளிவு 377 வந்ததும் எங்கே போனது?

இந்தக் கணக்கில் விபசாரத்தை விட்டுவிட்டேனே என்பீர்கள். ஆமாம், அது 2018 செப்டம்பர் 27 வரை குற்றமாகத்தான் இருந்தது. அதே தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு. அதைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்தவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் ஒருவன் உறவு வைத்தால் குற்றம். கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை! மணமாகாத பெண் என்றால் அந்தப் பிரிவு பக்கத்திலேயே வராது. வேலி தாண்டிய ஆட்டுக்கு வழக்குப் போடுகிற மாதிரி, மனைவியைக் கணவனின் உடைமையாக வைத்து எழுதிய பிரிவு அது. சீனாய் மலையில் கடவுள் கொடுத்த கட்டளை இதுதான் என்று சொல்ல எனக்கு நா எழாது. கட்டளையைக் காப்பாற்றுகிறேன் என்று அரசாங்கம் கையில் எடுத்தால் கடைசியில் அது இந்த லட்சணத்தில்தான் வந்து நிற்கும்.

377-க்கு வருவோம். 1860-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்; ஆயுள் தண்டனை வரை கொடுக்க அதில் இடமிருந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் செய்வதற்கு இது பொருந்தாது என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. சட்டம் 2013-இல் திரும்பி வந்தது, 2018 செப்டம்பர் 6-இல் மறுபடி விழுந்தது. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஒரு பேட்டியில், ஒருபாலீர்ப்பு குற்றமல்ல என்றார். பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பாருங்கள் என்றார். நாசரேத்துக்காரருக்குப் போப் யார் என்று கேட்பீர்கள். நானும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) புராட்டஸ்டண்ட்தான், சரியான வார்த்தை ரோமிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வேன். அது பாவமா இல்லையா என்ற விவாதத்தை வேதாகமத்தைத் திறந்து வைத்து ஐயரோடு ராத்திரி முழுக்க நடத்த நான் தயார். அந்த அறையில் இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி எதற்கு?

அடுத்து நீங்கள், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை வரும் யோவான் எட்டாம் அதிகாரத்தைக் காட்டுவீர்கள், தெரியும். ‘இனிப் பாவஞ்செய்யாதே’ என்று ஆண்டவர் சொன்னாரே! சொன்னார். எப்போது சொன்னார்? கல்லோடு வந்தவர்கள் பெரியவர் முதல் சிறியவர் வரை ஒவ்வொருவராகக் கலைந்துபோய், அவரும் அந்தப் பெண்ணும் மட்டும் நின்றபோது சொன்னார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டே பதினோராம் வசனத்தை வாசிக்கக் கூடாது.

அப்புறம் நாத்திகர் மேடை. உங்களுக்கு 2002 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வற்புறுத்தல் என்றால் என்ன என்று அதில் எழுதியிருந்தார்கள்: கடவுளின் கோபம் வரும் என்று பயமுறுத்துவதும் அதில் சேர்த்தி. எழுப்புதல் கூட்டத்தில் நரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தால் போதும். மூன்று ஆண்டு சிறை, ஐம்பதாயிரம் அபராதம். மதம் மாறியவர் பெண்ணாகவோ தலித்தாகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். மதம் மாற்றும் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் ஐயர் ஞானஸ்நானப் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரலால் தடவிக்கொண்டிருந்தார். ‘இதில் எதைத் தம்பி கலெக்டருக்கு எழுதுவது?’ என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கண்டனக் கூட்டத்தில், தூறலில், குடை இல்லாமல் என் பக்கத்தில் நின்றவர் ஒரு கருப்புச் சட்டைக்காரர். கடவுளே இல்லை என்கிறவர், என் கடவுளைப் பற்றி நான் பேசலாம் என்பதற்காக நனைந்தார். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போனதும் அந்தச் சட்டத்தை அம்மையாரே கைவிட்டார். அந்தக் கருப்புச் சட்டைக்காரர் என்னிடம் கைம்மாறு கேட்டதில்லை. கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

இது ஒன்றும் புதிதும் அல்ல. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில், மதத்தைப் ‘பரப்பும்’ உரிமை வேண்டுமா வேண்டாமா என்று விவாதம் நடந்தது. அந்தச் சொல்லே வேண்டாம் என்று சிலர் சண்டை போட்டார்கள். சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, சுமார் பதினான்கு ஆண்டு கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரியில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். சொல் தங்கியது, இன்று அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. மதம் மாறும் உத்தேசமே இல்லாத ஒரு பிராமணர் எழுந்து பேசியது நமக்காக. கன்வென்ஷன் பந்தலில் நீங்கள் மைக் பிடிப்பது அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

நான் அந்த மனித உரிமை மேடையில் முதலில் ஏறியது ஸ்டேன் சுவாமிக்காக. திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர், இயேசு சபைப் பாதிரியார். 2020 அக்டோபரில் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைதானபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கிற குவளைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-இல் இறந்தார். அந்த மேடையில் ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கச் சொன்னது ஒரு கம்யூனிஸ்ட் தோழர். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஐயரிடம் கேட்பது பற்றி: தாராளமாகக் கேளுங்கள். அவர் இந்த இதழின் ஆயுள் சந்தாதாரர். 377 பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை என்று மட்டும் சொன்னார்.