அரசுத் தரப்பில் வழக்காட விரும்பும் மகளும் ஹெர்பர்ட் ஹேட்லியின் பணிவாழ்க்கையும்

மதிப்பிற்குரிய ஐயா,

சட்டப் படிப்பை முடித்த உங்கள் மகள், பெரிய சட்ட நிறுவனத்தின் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரசுத் தரப்பில் வழக்காட விரும்புவதாகவும், அவருடைய எதிர்காலம் கீழமை நீதிமன்றங்களிலேயே முடங்கிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநில அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) 1905 முதல் 1909 வரை பணியாற்றிய ஹெர்பர்ட் ஹேட்லியின் வாழ்க்கையை இதற்காகவே உங்கள் முன் வைக்கிறேன்.

கான்சாஸ் மாநிலத்து ஒலேத்தாவில் 1872-இல் பிறந்த அவர், 1894-இல் சட்டப் படிப்பை முடித்து மிசௌரி மாநிலத்து கான்சாஸ் சிட்டியில் தொழில் தொடங்கினார். 1898-இல் அந்நகராட்சியின் உதவிச் சட்ட ஆலோசகர். 1901-இல் ஜாக்சன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அரசுக் குற்றவியல் வழக்கறிஞர். வெளியுலகம் பெரிதாகக் கவனிக்காத பதவிகள்தாம் இவை. ஆயினும் சாட்சியை விசாரிக்கவும் ஆதாரத்தைத் திரட்டவும் அவருக்குப் பயிற்சி கிடைத்த இடம் இதுவே என்பது என் கருத்து. மிசௌரியில் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1904 தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 32.

மறு ஆண்டே, அந்நாளில் அமெரிக்க எண்ணெய் வணிகத்தில் ஆதிக்கம் செலுத்திய ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தின்மீது, சந்தைப் போட்டியைக் கூட்டாக ஒடுக்கியதாக வழக்குத் தொடுத்தார். மிசௌரியில் மண்ணெண்ணெய் விற்ற வாட்டர்ஸ்-பியர்ஸ் நிறுவனமும் இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயிலும் மாநிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள, ரிபப்ளிக் ஆயில் என்ற மூன்றாவது நிறுவனம் இவற்றோடு தொடர்பற்ற போட்டியாளரைப் போல வணிகம் செய்துவந்தது. மூன்றின் பிடியும் ஒரே கையில் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், ஹேட்லி 1906 தொடக்கத்தில் நியூயார்க்குக்கே சென்று சாட்சிகளை விசாரித்தார். குழுமத்தின் முக்கியப் புள்ளியான ஹென்றி ரோஜர்ஸ் அடுத்தடுத்த கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்தார். அந்த மறுப்பே நாளிதழ்களில் பெருஞ்செய்தியாயிற்று. 1908 டிசம்பரில் மிசௌரி உச்ச நீதிமன்றம் அந்நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலர் அபராதம் விதித்தது. இண்டியானா நிறுவனம் மேல்முறையீடு செய்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1912-இல் இத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அதற்குள் ஹேட்லி 1909-இல் ஆளுநராகிவிட்டார். பதவிக்காலம் முடிந்த பின் உடல்நலம் கெட்டு, கொலராடோ சென்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். 1923-இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத் தலைவராகி, 1927-இல் காலமாகும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஆளுநர் பதவியை எல்லோரும் எதிர்பார்க்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவு என்பதையும் நான் மறைக்க மாட்டேன். எனினும் உங்கள் மகளை, குற்றவியல் வழக்குகளில் கைதேர்ந்த ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்த்துவிடுங்கள். குற்றப்பத்திரிகையை வரிவரியாகப் படிக்கவும் குறுக்கு விசாரணைக்குக் கேள்விகளை எழுதித் தயாரிக்கவும் அவர் பழகட்டும். அதுவரை குடும்பச் செலவுக்கு அவருடைய வருமானத்தை எதிர்பார்க்காமல் இருக்க இயலுமா என்பதை மட்டும் வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.