அப்பாவை ஏன் காரில் உட்கார வைத்தீர்கள்?

கேள்வி: பழைய மரச்சாமான் ஏலம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு கிராமத்துப் பக்கம் போனோம். ஒரு மர பீரோ கண்ணைப் பறித்தது. நினைத்த தொகைபோல இரண்டு மடங்குக்குப் போய்விட்டது, பில்லில் கமிஷன் வேறு. வீட்டில் இறக்கிப் பார்த்தால் அடியில் பொடி உதிர்கிறது, கதவு பிளைவுட். மரவேலை செய்து ஓய்ந்த என் அப்பா சத்தமாக எதையாவது சொல்லி மானத்தை வாங்குவார் என்று காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். மனைவி என்னோடு பேசுவதில்லை. பீரோவைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏலத்தில் பொருள் உள்ளது உள்ளபடிதான் போகும், மூணு தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்துவிட்டால் அது உங்களுடையது, உள்ளே மரத்தைக் குடைந்து பொடியாக்குகிற வண்டோடு சேர்த்து. பட்டியலில் 'முழுக்க மரம்' என்று அச்சடித்துவிட்டுப் பிளைவுட்டை விற்றிருந்தால் மட்டும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவர் தரவேண்டிய கமிஷன் விதிமுறைத் தாளில் இருந்திருக்கும், அதை யார் படிக்கிறார்கள்! மனைவி நாளைக்குப் பேசுவார், விடுங்கள்.

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே தம்பி, அப்பாவைக் காரில் உட்கார வைத்ததாக. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆயுசு முழுக்க மரத்தைத் தொட்டு வாழ்ந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மர பீரோ வாங்கத் தனியாக உள்ளே போயிருக்கிறீர்கள்.

அவர் வந்திருந்தால் முன்பக்கப் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நேராக டிராயரை உருவிக் கவிழ்த்து, பலகையைக் கூர் செதுக்கிக் கோத்திருக்கிறதா, வெறும் ஆணியா என்று பார்த்திருப்பார். பின்பலகையைத் தட்டியிருப்பார். மேற்பரப்பில் ஓடுகிற மர ரேகை விளிம்பில் தொடர்கிறதா, அங்கேயே அறுந்து அடுக்கடுக்காகக் கோடு தெரிகிறதா என்று ஒரு பார்வை, கதவு பிளைவுட் என்பது அதிலேயே தெரிந்திருக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் அடைத்த ஓட்டை இருந்தால் பழைய கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். கால் பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள், விளிம்பு வெளுத்துப் புதிதாக இருந்தால், "உளுத்துக்கிட்டு இருக்குடா, வா போகலாம்" என்றிருப்பார். ஏலத்துக்கு முன்னால் பொருளைத் தொட்டுப் பார்க்க நேரம் விடுவதே இதற்காகத்தானே?

இதையெல்லாம் அவர் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுவார் என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். ஆனால் ஏலத்தில் எதிரே ஒருவர் விலை கேட்டுக் கை தூக்கினால் நமக்கும் தூக்கத் தோன்றும், பொருள் மறந்துபோய் அந்த ஆளை ஜெயிப்பதுதான் மிஞ்சும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுக்கிற ஒரே ஆளை வெளியே விட்டுவிட்டீர்கள். சத்தமாகப் பேசுவாராம்! ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவில் காலம் தள்ளியவருக்குக் காது மந்தமாகியிருந்தால் சத்தமாகத்தான் பேசுவார். இனி ஒருமுறைகூடப் பார்க்கப்போகாத நாலு பேர் முன்னால் உங்களுக்கு என்ன மானம்? உங்களுக்குச் சோறு போட்டது அந்த உளி. பெற்றவரை ஒளித்து வைக்கிற பிள்ளைக்கு நான் எந்தச் சலுகையும் கொடுப்பதில்லை, பழைய ஆள் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். காரில் எத்தனை மணி நேரம் இருந்தார், வெயிலா, தண்ணீர் இருந்ததா என்பதுகூடக் கடிதத்தில் இல்லை.

சரி, பீரோவுக்கு வருவோம். மற்ற மரச்சாமான்களிலிருந்து இன்றைக்கே தள்ளி வையுங்கள். அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில நாள் விடுங்கள். அசைக்காமலே புதுப் பொடி விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, துளைகளில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். விழாவிட்டால் அது பழைய சேதமாக இருக்கலாம், அவசரப்பட்டு மருந்துக்கும் காசை இறைக்காதீர்கள். எதுவாக இருந்தாலும் முடிவை அப்பாவிடம் விடுங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், மனைவி பிள்ளைகள் இருக்கும்போதே. அப்புறம் அவர் திட்டுவார், பீரோவையும் திட்டுவார், உங்களையும் திட்டுவார். எதிர்த்துப் பேசாமல் டார்ச்சை அவர் காட்டுகிற பக்கம் பிடியுங்கள்.